உரலா, தொட்டியா?

ஆர்டோ பண்ணை
7 பிப்ரவரி 1977

அன்புள்ள எஃபி அக்காவுக்கு,

டூகல் எழுதுவது. நானே எழுதுவது. புதன்கிழமைதோறும் ஊர் நூலகத்தில் முதியோருக்குப் பாடம். எழுபத்தோரு வயதில் எனக்கு எழுத்து வந்துவிட்டது. இவ்வளவுக்கே மூன்று நாள் ஆயிற்று. ஆனால் ஒவ்வொரு எழுத்தும் என்னுடையது.

என் மனைவி ஜீன் இறந்தபின் வந்த உன் கிறிஸ்துமஸ் கடிதத்தைப் படிக்க ஆளில்லாமல் வைத்திருந்தேன். நேற்று நானே படித்தேன். முற்றத்துக் கல்லைக் கேட்டிருக்கிறாய். இப்போதுதான் கேள்விப்படுகிறேன். அது பார்லி குத்திய பழைய உரல், அக்கா. அப்பாவே சொல்லியிருக்கிறார். மாடுகள் அதில்தான் தண்ணீர் குடிக்கின்றன. உனக்கு எதற்கு?

உன் தம்பி,
டூகல்


இன்வர்னெஸ்
14 பிப்ரவரி

டூகல்,

உன் கடிதத்தில் பதினோரு பிழைகள். சிவப்பு மையால் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பன்னிரண்டாவது பிழை, 'இப்போதுதான் கேள்விப்படுகிறேன்' என்பது. பத்தொன்பது கிறிஸ்துமஸாகக் கேட்கிறேன்.

கீழ்வயலில் ஒரு காலத்தில் இருந்த தேவாலயத்தின் ஞானஸ்நானத் தொட்டி அது. சுற்றிலும் கயிறு போலச் செதுக்கியிருப்பது பார்லிக்காகவா? உரலுக்கு அடியில் ஓட்டை இருக்காது. தொட்டிக்கு இருக்கும், ஆசீர்வதித்த நீர் மண்ணுக்குள்தான் போகவேண்டும். கையை விட்டுத் தடவிப் பார்.

ஈஸ்டர் ஞாயிறன்று என் பேரனுக்கு இங்கே ஞானஸ்நானம். அது நம் ஊர்க் கல்லில் நடக்கவேண்டும். பாதிரியார் சம்மதித்துவிட்டார். உன் சம்மதத்துக்காக இன்னொரு பத்தொன்பது வருஷம் காத்திருக்க என்னால் முடியாது.

எஃபி


ஆர்டோ பண்ணை
3 மார்ச்

அன்புள்ள அக்காவுக்கு,

ஜீனின் பிஸ்கட் டப்பாவிலிருந்த உன் கடிதங்கள் எல்லாவற்றையும் படித்தேன். பத்து நாள் ஆயிற்று. எல்லாவற்றிலும் கல்லைக் கேட்டிருக்கிறாய். ஜீன் எனக்குப் படித்துக் காட்டியது, 'எஃபி சுகம், அங்கே பனி' என்று மட்டும். கல் போனால் ஓடையிலிருந்து தண்ணீர் சுமக்கவேண்டுமே என்று பயந்தாளோ என்னவோ. உனக்கு என்னதான் பதில் எழுதினாள்?

திட்டலாம் என்று கல்லறைக்குப் போனேன். அவள் பெயரை முதல்முறையாகப் படித்தேன். திட்ட வரவில்லை.

முற்றத்துக் கல்லில் கையை விட்டும் பார்த்தேன். வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்துப் பண்ணை வாட்டி கத்தினான்: "என்ன டூகல், மாட்டுக்கு ஞானஸ்நானமா குடுக்கறே?" ஓட்டை இல்லை. உரல்தான். நான் சொன்னதுதான் சரி.

டூகல்


இன்வர்னெஸ்
9 மார்ச்

அன்புள்ள தமபி டூகலுக்கு,

'கல்லைப் பற்றிப் பேச்சே எடுக்கக்கூடாது என்கிறார் டூகல்.' வருஷம் தவறாமல் ஜீன் எழுதியது இதுதான். அந்தக் கோபத்தில்தான் உன் வாசலை மிதிக்கவில்லை. அவள் அடக்கத்துக்குக்கூட வரவில்லை.

ஓட்டை இல்லையாம். தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினாய்? நன்றாகச் சுரண்டு. நீ சுரண்டமாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

எஃபி


ஆர்டோ பண்ணை
17 மார்ச்

அன்புள்ள அக்காவுக்கு,

சுரண்டினேன். பாசிக்குக் கீழே சேறு, சேற்றுக்குக் கீழே ஈயம். தண்ணீர் நிற்பதற்காக அப்பாதான் உருக்கி ஊற்றியிருக்கவேண்டும். உளி வைத்துத் தட்டினேன், கழன்று வந்தது. உள்ளே ஓட்டை. மிச்சமிருந்த தண்ணீர் முழுவதும் மண்ணுக்குள் போயிற்று. பசுக்கள் சுற்றி நின்று, என்னைப் பார்த்தன.

நீ சொன்னதுதான் சரி. இதை எழுத ஒரு மாலை முழுவதும் ஆயிற்று. எழுத்து தெரியாமல் அல்ல.

சனிக்கிழமை வாட்டியின் டிராக்டரில் வைக்கோல் பரப்பிக் கல்லைக் கொண்டுவருகிறோம். நானும் வருகிறேன். இப்போது ஓடையிலிருந்து தண்ணீர் சுமக்கிறேன். வாளிக்கு ஒருமுறை உன்னைத் திட்டுகிறேன்.

உன் கடிதத்தையும் இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். 'தம்பி'யில் ஒரு புள்ளி விட்டிருக்கிறாய். சிவப்பு மை வாங்கி வட்டமிட்டிருக்கிறேன்.

உன் தம்பி,
டூகல்