பெட்டி போட்டால் மார்க் இல்லை

பாப்பாவின் அப்பாவுக்கு வணக்கம்.

எல்லோரும் நலம் என்று ஆரம்பிக்கத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. உங்கள் அம்மாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. தண்ணீர் மோட்டார் மறுபடி படுத்துவிட்டது. எலக்ட்ரீஷியன் நாளை, நாளை என்று இழுத்தடிக்கிறார்.

பாப்பா நுழைவுத் தேர்வில் தேறவில்லை. கணக்கில் போய்விட்டது. விடையெல்லாம் சரிதான். படம் போட்டுக் கண்டுபிடித்தாளாம், அதனால் பூஜ்யம். வழிமுறை எழுதாமல் படம் வரைந்தால் மதிப்பெண் கிடையாது என்று, திருத்துகிறவர்களுக்கு உங்கள் தேர்வுத் துறை சுற்றறிக்கை அனுப்பியதே, அந்த விதிதான். போன முறை வந்தபோது, அடியில் உங்கள் கையெழுத்து இருப்பதைப் பெருமையாக எனக்குக் காட்டினீர்கள்.

அவள் அப்படி என்ன குற்றம் செய்துவிட்டாள்? தொட்டித் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு காலையில் தீர்ந்தது, மீதியில் பாதி மாலையில் தீர்ந்தது, இன்னும் நாற்பது குடம் இருக்கிறது, மொத்தம் எவ்வளவு என்று கேள்வி. நீளமாக ஒரு பெட்டி போட்டு மூன்றாகப் பிரித்தாள். இரண்டைக் கோடு கோடாக அடித்தாள். மிச்சத்தில் நாற்பது என்று எழுதி, நூற்றிருபது என்று விடை போட்டாள். இதற்கு மேல் என்ன வழிமுறை வேண்டும் உங்களுக்கு?

உங்கள் பதவி உயர்வுத் தேர்வு ஞாபகம் இருக்கிறதா? எக்ஸ், ஒய் என்று எழுதி எழுதி அழாத குறையாக உட்கார்ந்திருந்தீர்கள். காலண்டர் தாளின் பின்பக்கம் பெட்டி போட்டுக் காட்டியது நான். அட, இவ்ளோதானா என்று குதித்தீர்கள். நாற்காலி கிடைத்ததும் பெட்டி கேவலமாகிவிட்டது. எனக்கு வயிறு எரிகிறது, மறைக்கவில்லை.

இப்போது அவள் படமே போடுவதில்லை. இது கணக்கு நோட்டா, டிராயிங் நோட்டா என்று டியூஷன் மாஸ்டர் எல்லோர் முன்னாலும் கேட்டாராம். அன்றிலிருந்து எண்களை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கண்ணை மூடிக்கொண்டு போடும் கணக்குகூட வரவில்லை.

மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறாள். அது உங்கள் மேசைக்குத்தான் வரும். மகள் என்று சலுகை காட்ட வேண்டாம். படம் போட்ட எல்லாப் பிள்ளைகளின் தாளையும் திரும்பத் திருத்தச் சொல்லுங்கள்.

இந்த ரூலைப் போட்டவன் ஜென்மத்துல ஒரு கணக்குப் போட்டிருக்க மாட்டான் என்று சாப்பிடும்போதெல்லாம் திட்டுகிறாள். அப்பாகிட்ட சொன்னா அந்த ஆளை ஒரு பிடி பிடிச்சிடுவாரு என்கிறாள். நான் குழம்பை ஊற்றிவிட்டு உள்ளே போய்விடுகிறேன். அவளுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. தயவுசெய்து என்னைச் சொல்ல வைத்துவிடாதீர்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
மனைவி