நாம் குழம்பு வைத்துத் தின்ற மீன்

என் ஆசைத் தம்பி முருகா,

நீ சொன்னதுதான் சரி.

போன வருஷம் கரியாலூர் ஓடையில் பிடித்த மீன்களைக் கச்சிராயபாளையம் வீட்டுக்குக் கொண்டுவந்தாயே, நினைவிருக்கிறதா? "அக்கா, இது டேம் மீனு இல்ல. வாலாண்ட பாரு, செவப்பா பொட்டு. உன் ஆராய்ச்சிக்கு முழுசா எடுத்துக்கினு போ" என்றாய். நான்தான் பெரிய படிப்பாளி ஆயிற்றே! "எனக்குத் தெரியாத மீனா? கொழம்பு வைடா" என்றேன். உன் வாயை அடைக்க ஒரு மீனின் துடுப்பில் மட்டும் துளி நறுக்கி ஸ்பிரிட் குப்பியில் போட்டேன். மீதியெல்லாம் சட்டிக்குப் போனது. முள்ளைக்கூட விடாமல் சப்பினேன்.

அடுத்த மாதமே மஞ்சள்காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது. உன் நினைவாகத்தான் அந்தத் துடுப்பையும் நான் ஆராயும் டேம் மீன்களோடு பரிசோதனைக்கு அனுப்பினேன். தாய்வழியாக மட்டும் இறங்கிவரும் மைட்டோகாண்ட்ரியா மரபணுத் தொகுதியை, பதினாறாயிரத்துச் சொச்சம் எழுத்தையும், ஒன்று விடாமல் படித்து அனுப்பியிருக்கிறார்கள். இதுவரை பதிந்து வைத்திருக்கும் எந்த மீனோடும் அது பொருந்தவில்லை. மூன்று தடவை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன். பொருந்தவே இல்லை, முருகா!

என் ஆய்வுக்கு வழிகாட்டும் சார் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "புது இனமா இருக்கலாம்மா. முழு மீன் எங்கே?"

"தின்னுட்டோம் சார்."

அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். வெறும் எழுத்தை வைத்துப் பெயர் சூட்ட முடியாதாம், முழு உடம்பு வேண்டுமாம். எந்த மடுவில் பிடித்தது என்றாவது சொல் என்றார். அதையும் உன்னிடம் கேட்கவில்லையே நான்! அப்படி என்னடா திமிர் எனக்கு?

நேற்று உன் பெண்டாட்டி செல்வியிடம் சொல்லி அழுதேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "அந்த மடு எனுக்குத் தெரியும் அண்ணி. கண்ணாலத்துக்கு முன்ன அங்கதான் பாத்துக்கினு இருந்தோம். மீன் புடிக்கப் போறேன்னு உங்ககிட்ட சொல்லிட்டு வருவாரு" என்றாள்.

அடப்பாவி! பெண் பார்க்க வந்த அன்று இரண்டு பேரும் தரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்களே! மீன் கொடுத்த அதிர்ச்சியே தேவலை என்று ஆகிவிட்டது எனக்கு.

"வந்து காட்டுறியா செல்வி?" என்றேன். நீ போன பிறகு அவள் அந்தப் பக்கம் போனதே இல்லையாம். ஆனாலும் "வரேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறுகிறோம். மீன் கிடைத்தால் அதற்கு உன் பெயர்தான். கிடைக்காவிட்டால் மறுபடியும் போவோம். ஆனால் அவள் அந்த மடுக்கரையில் உட்கார்ந்து அழுது முடிக்கும்வரை வலையை நனைக்க மாட்டேன். இது சத்தியம்.

உன் பேச்சைக் கேட்காமல் போன,
அக்கா