மேட்டு நிலத்து வாய்க்கால்

அன்புள்ள தம்பி மணிமாறனுக்கு அக்கா அருணா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். அந்த ஊர் வெயிலில் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள். போன் செய்தால் நீ எடுப்பதில்லை. அதனால் துபாய்க்குத் திரும்பும் மாரியப்பனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நம் ஊர் மேட்டு நிலமெல்லாம், உன்னுடையதும் சேர்த்து, சோலார் கம்பெனிக்குக் குத்தகைக்குப் போகிறது. மல்லாட்டைப் பயிர் போட்டு நஷ்டப்பட்டு ஓய்ந்தவர்கள் கொடுக்கத்தான் செய்வார்கள், நான் தப்பு சொல்லவில்லை. ஆனால் மழைத்தண்ணீர் உன் நிலத்து வாய்க்கால் வழியாகத்தான் நான் வாழ்க்கைப்பட்ட ஊர் ஏரிக்கு வருகிறது. அதை மூடி வேலி போட்டால் இங்கே நடவு கிடையாது. பட்டா நிலம் என்பதால் அதிகாரிகளும் உன்னைத்தான் கேட்கச் சொல்கிறார்கள்.

பிறந்தது அங்கே, வாழ்வது இங்கே, இரண்டு பக்கமும் பேசி முடிப்பாள் என்றுதான் என்னை ஏரிச் சங்கத் தலைவி ஆக்கினார்கள். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் கூட்டத்துக்குக் கூட்டம் அலைந்து செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். புருஷன் ஊருக்குப் பேசிக்கினு வந்துட்டா என்று நம் ஊரில் சொல்கிறார்கள். தம்பி நிலத்தைக் காப்பாத்திக்கினு கீறா என்று இங்கே சொல்கிறார்கள். வீட்டில் உன் மாமாவும் இப்போதெல்லாம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எனக்கு அலுத்துவிட்டதடா.

போன கூட்டத்தில் கம்பெனிக்காரர்கள் கொஞ்சம் இறங்கி வந்தார்கள். வாய்க்காலையும் கரையையும் விட்டுவிட்டு வேலி போடுகிறார்களாம். அந்த அளவுக்கு உன் குத்தகை குறையும். நீ சம்மதிக்க வேண்டும். அடுத்த கூட்டத்தில் உன் பதிலை நான்தான் எழுந்து சொல்ல வேண்டும்.

என் பெண் கலைப்பிரியாவுக்கு அடுத்த மாதம் வளைகாப்பு. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் காட்டுகிறோம், பிள்ளை நல்லபடியாக இருக்கிறதாம். அழைக்க நம் தெருவுக்குப் போனேன். உட்காரச் சொன்னார்கள், காபி கொடுத்தார்கள். வருகிறோம் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் அழுதுவிட்டேன். மாமா வளையல் அனுப்புவாரா என்று அவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

வளையலும் வேண்டாம், புடவையும் வேண்டாம் தம்பி. அந்த வாய்க்காலை விட்டுக்கொடு. தாய்மாமன் சீர் எங்கே என்று சபையில் கேட்டால் நான் ஏரியைக் காட்டிக்கொள்கிறேன்.

முடியாது என்றாலும் சரி, போனை எடுத்து உன் வாயால் சொல். கூட்டத்தில் யாரோ சொல்லி நான் கேட்கும்படி வைத்துவிடாதே. நீயும் பிள்ளைகளும் நன்றாக இருக்க வேண்டும்.

என்றும் உன் அக்கா,
அருணா