கை நனையாத காபி

6.9.1987, ஞாயிறு

குக்கர் குழாய் இன்று ஒருவழியாக வேலை செய்தது. சென்னைப் பொருட்காட்சியில் வாங்கி வந்த நாளிலிருந்து லட்சுமி அதை "உங்க பாம்பு" என்றுதான் சொல்கிறாள். குக்கர் மூடியில் வெயிட் வைக்கும் இடத்தில் இந்த வளைந்த குழாயைச் செருக வேண்டும். ஆவி சீறிக்கொண்டு வரும். அடியில் டம்ளரைப் பிடித்தால் பால் பொங்கி நுரைக்கும். கல்யாண ரிசப்ஷனில் மெஷின் வைத்துக் கொடுக்கிறார்களே எஸ்பிரஸ்ஸோ, அதேதான். மேலே சாக்லேட் தூள் தூவினேன்.

ஆவியின் அழுத்தத்தை இத்தனை வருடம் கரும்பலகையில் படம் போட்டே நடத்தினேன். ஓய்வு பெற்ற பிறகுதான் குடித்துப் பார்க்க முடிந்தது.

10.9.1987

ஏலக்காய் - நன்று. சுக்கு - தொண்டைக்கு நல்லது, நுரை நிற்கவில்லை. ஆரஞ்சுத் தோல் - பால் திரிந்துவிட்டது.

லட்சுமி: "ரிட்டயர் ஆனவங்கள்லாம் கோயில் கொளம்னு போறாங்க. இங்க இன்னாடான்னா என் அடுப்ப புடுங்கிக்கினீங்க."

13.9.1987, ஞாயிறு

மகள் விஜியைப் பெண் பார்க்கத் திருக்கோவிலூரிலிருந்து புதன்கிழமை வருகிறார்கள். ஆவணியின் கடைசி நாள். அதை விட்டால் புரட்டாசி, யாரும் பேச்சே எடுக்க மாட்டார்கள். இட ஒதுக்கீடு கேட்டு வியாழக்கிழமையிலிருந்து ஒரு வாரம் சாலை மறியல் என்று ஊரெல்லாம் பேச்சு. "பொழுதோட திரும்பிடுவோம்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

விஜி மலையில் விடுதிப் பள்ளி டீச்சர். ஒரு நாள் லீவு போட்டு வருவாள். மாப்பிள்ளை போட்டோவைப் போன வாரம் காட்டினேன். "வேலைய வுடச் சொல்லாத வூடுன்னா சரிப்பா" என்றாள். போட்டோவை மட்டும் திருப்பித் தரவில்லை.

16.9.1987, புதன்

வந்தார்கள். மாப்பிள்ளை இளஞ்செழியனும் அவர் அம்மா குஞ்சம்மாளும். அப்பாவுக்கு முழங்கால் வலியாம். பையன் தங்கமானவன். காபி நுரை மீசையில் ஒட்டியது தெரியாமலே விஜியைப் பார்த்துக்கொண்டிருந்தான். விஜி சிரித்துவிட்டாள்.

அப்புறம் வேலைப் பேச்சு வந்தது.

"மருமவள மலையில வுட்டுட்டு நாங்க கீழ தனியா பொங்கித் தின்னுக்கினு இருக்கணுமா?" என்றார் குஞ்சம்மாள்.

"வேலைய வுட மாட்டேங்க" என்றாள் விஜி. அவ்வளவுதான்.

"போய்ச் சொல்லி அனுப்பறோம்" என்று அந்த அம்மா எழுந்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று யாருக்குத் தெரியாது?

பேருந்து நிலையம் வரை கூடப் போனேன். மறியலுக்குப் பயந்து சாயங்கால வண்டிகளையே நிறுத்திவிட்டார்கள். மூவரும் திரும்பி வந்தோம். முன்னறையில் பாய் போட்டாயிற்று.

லட்சுமி சாப்பிடக் கூப்பிட்டாள். குஞ்சம்மாள் எழவில்லை. "பேசி முடியாத வூட்ல கை நனைக்கறதில்லீங்க. காப்பி குடுத்தா குடிக்கிறோம்."

17.9.1987

சாலையில் மரங்களை வெட்டிப் போட்டிருக்கிறார்களாம். கடை, ஓட்டல் எதுவும் இல்லை.

சம்பந்தம் முடிவாவதற்கு முன் பெண் வீட்டில் சாப்பிட்டால் ஒப்புக்கொண்ட மாதிரி. ஆனால் காபியில் கை நனையாது. பாலத்தின் மேல் போகிறவனுக்குக் கால் நனைவதில்லை, அதுபோல. டம்ளர்தான் பாலம். ஆக, ஒரு அம்மாளையும் ஒரு வாலிபனையும் நான் டம்ளர் வழியாகவே உயிரோடு வைத்திருக்க வேண்டும்!

பாலுக்குப் பஞ்சமில்லை. சொசைட்டி லாரி வராததால் பின்வீட்டுப் பாப்பாத்தி குடத்தோடு கொண்டுவந்து ஊற்றினாள். காலை ஏலக்காய். பகலில் ஜாதிக்காய். மாலையில் கேழ்வரகு மாவை வறுத்துக் கரைத்து, டிகாக்ஷனோடு சேர்த்து ஆவி விட்டேன்.

குஞ்சம்மாள் ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "வாத்தியாரே, காப்பின்னு கூழு குடுக்கறீங்களா?"

"ருசி மாறட்டும்னுதாம்மா."

"காப்பின்னே இருக்கட்டும். இன்னொரு டம்ளர் குடுங்க."

18.9.1987

ஆயிரம் காபி குடித்தாலும் அவர்கள் சரி என்று சொல்லிவிடுவார்களா? விஜி முன்னறைப் பக்கமே போவதில்லை. சமையலறையில் உட்கார்ந்து வினாத்தாள் தயாரிக்கிறாள். "என்னால உங்களுக்குக் கஷ்டம்பா" என்றாள். நீ கஷ்டமா? அசடு.

ரேடியோவில் கேட்டதை எழுதக் கை வரவில்லை. துப்பாக்கிச் சூடாம். உயிர் போன வீடுகளில் இன்று அடுப்பு எரிந்திருக்காது. நான் இங்கே நுரைக்கு அளவு பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

19.9.1987, சனி

கேழ்வரகு குழாயில் அடைத்துக்கொண்டது. குக்கர் உறுமியது. நான் குழாயை ஆட்டினேன். ஆட்டியிருக்கக் கூடாது. கூரை முழுக்கக் கேழ்வரகு.

முதல்முறையாகக் குஞ்சம்மாள் சமையலறைக்குள் ஓடி வந்தார். அடுப்பை அணைத்தார். ஈர்க்குச்சி கேட்டார். ஆவி அடங்கும்வரை காத்திருந்து குழாயைக் குடைந்து சுத்தம் செய்தார். "ஆவி ஜாஸ்தி, பொறுமை கம்மி. இந்த வூட்ல யாருக்குமே பொறுமை கெடையாதா?" இது எனக்கு மட்டும் சொன்னதல்ல.

பகல் காபியை அவரே போட்டார். என்னுடையதைவிட நுரை நன்றாக நின்றது. லட்சுமி அதை என்னிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டாள்.

20.9.1987, ஞாயிறு

மலையிலிருந்து செல்லன் வந்தான். அவன் மகள் விஜியிடம் படிக்கிறாள். காட்டு வழியாக இறங்கி, கச்சிராயபாளையத்தில் சொந்தக்காரரிடம் சைக்கிள் வாங்கி, வயல் வரப்பிலேயே வந்திருக்கிறான். கையில் ஒரு பாட்டில் தேன்.

"டீச்சர் எப்ப வர்றாங்கன்னு கேட்டுக்கினு போலாம்னு வந்தேன். எம் பொண்ணு விடுதிய வுட்டு வூட்டுக்கு ஓடியாந்துடுச்சிங்க. டீச்சர் வந்தாதான் போவேன்னு குந்திக்கினு கீது. எங்க வூட்டுக்காரி என் உசுர வாங்கறா."

தேன் காபி கொடுத்தேன். டம்ளரை உற்றுப் பார்த்து, "இன்னாங்க, சோப்பு சரியா கழுவலையா?" என்றான். இளஞ்செழியன் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு செல்லன் கை கழுவி உட்கார்ந்து மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டான். குஞ்சம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். புளிக்குழம்பு வாசனை ஜன்னல் வரைக்கும் போகும்.

பாதை தெரிந்தவன் ஒருவன் வந்ததும் விஜி கிளம்பிவிட்டாள். தன் சைக்கிளை எடுத்தாள். நேராகக் குஞ்சம்மாள் முன் போய், "காலாண்டுப் பரிட்சை வருதுங்க. பசங்க காத்துக்கினு இருப்பாங்க. போய்ட்டு வரேன்" என்றாள். சமாதானம் இல்லை, கெஞ்சல் இல்லை.

அவர் விஜியின் காலைக் குனிந்து பார்த்தார். "மலையேறி நடக்கறது எத்தினி மைலு?"

"ஏழு, எட்டு இருக்கும்."

"அந்தச் செருப்போடயா? வாரு அறுந்து கீது. உங்க அம்மாளுத போட்டுக்கினு போ."

21.9.1987

இன்று ஒரு கூத்து. இளஞ்செழியன் மட்டும் வாடாமல் இருக்கிறானே என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. பால் ஊற்ற வந்த பாப்பாத்தி போட்டு உடைத்தாள். "தம்பி, நேத்து கொழம்புல உப்பு ஜாஸ்தியா? கம்மியா சாப்ட்டியே."

மூன்று நாளாகப் பின்பக்கமாகப் போய் அவள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறான்!

"வேத்து வூடுதானம்மா" என்றான் பையன்.

"வேத்து வூடா? வாத்தியாரு எங்க வூட்டுக்காரருக்குப் பெரியப்பா மவன். பங்காளி வூடு ஒண்ணு, பொண்ணு வூடு ஒண்ணா?" என்றாள் பாப்பாத்தி. லட்சுமி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

குஞ்சம்மாள் மகனை முறைத்தார். "கை நனைச்சது நீ. நான் இன்னும் நனைக்கல."

23.9.1987

மறியல் முடிந்தது. குஞ்சம்மாளுக்கு உடம்பு இளைத்துவிட்டது. எனக்கு மனம் கேட்கவில்லை. நாளைக்கு வண்டி ஓடுமாம்.

24.9.1987

காலை வண்டியில் போய்விட்டார்கள். அந்த அம்மா கடைசிவரை ஒரு வாய் சோறு தின்னாமல். "புரட்டாசி போவட்டும், சொல்லி அனுப்பறோம்." மறுபடியும் அதே வார்த்தை.

5.10.1987

தகவல் இல்லை. லட்சுமி என்னோடு காபியைப் பற்றிச் சண்டை போடுவதை நிறுத்திவிட்டாள். அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

18.10.1987, ஞாயிறு

ஐப்பசி முதல் நாள். காலையில் கதவைத் திறந்தால் குஞ்சம்மாளும் இளஞ்செழியனும்! பையன் கையில் நாலடுக்கு டிபன் கேரியர்.

"மலைக்குப் போற பஸ் எத்தினி மணிக்கு?" என்றார்.

"பதினோரு மணிக்கும்மா. எதுக்கு?"

"ஞாயித்துக்கெழமகூட பேப்பர் திருத்தறாளாமே. எங்க பொங்கித் தின்னப் போறா? அதான். அப்படியே அங்க குடியிருக்கற எடம் எப்படின்னு பாத்துட்டு வரணும். சனி ஞாயிறு இவன் மேல போறவன், கொட்டாய் மாதிரி இருந்தா எங்க படுப்பான்?"

லட்சுமி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் என்ன செய்வதென்று தெரியாமல், "உக்காருங்க, ஏலக்காய் போட்டு ஒரு காபி கொண்டாரேன்" என்றேன்.

"காப்பி அப்பறம் ஆவட்டும் அண்ணே" என்றபடி அவர் கை கழுவக் கொல்லைப் பக்கம் போனார். "மொதல்ல சோறு."