பிரசவம் என்றால் மட்டும்

மதியம் ஒரு பிரசவம் பார்த்துவிட்டு வந்து கார்பாலிக் சோப்பால் கை கழுவிக்கொண்டிருந்தேன். அந்த வாடை மூக்கில் ஏறியதும் நீ பக்கத்தில் வந்து நின்றதுபோல் இருந்தது. நீ போய் எத்தனையோ மழைக்காலம் ஆகிவிட்டது. இன்று ரொம்ப அசதியாக இருக்கிறது. உன்னோடு பேசினால் கொஞ்சம் ஆறும் என்றுதான் எழுதுகிறேன்.

நர்ஸ் பயிற்சி முடித்த கையோடு நம் இருவரையும் அந்தக் கடற்கரை ஊருக்குப் போட்டார்கள். நீ பாம்பன் பக்கத்துக்காரி. நான் சிக்கல் ஊரிலிருந்து வந்தவள். பிரசவ விடுதி என்று பெயர்தான். இரண்டு கட்டில், ஓர் அலமாரி, நாம். கட்டடம் ஊரின் பெரிய தோணி முதலாளி வாடகை வாங்காமல் விட்டது. அதனால் அவர் வீட்டில் நம்மையும் கட்டடத்தோடு சேர்ந்த சாமானாகவே நினைத்தார்கள். முதலில் பேரப்பிள்ளையைக் குளிப்பாட்டக் கூப்பிட்டார்கள், போனோம். பிறகு முதலாளியம்மாவின் மாமியாருக்குக் கால் பிடித்துவிட. பிறகு மிளகாய் காயப்போட, விருந்துக்குக் காய் நறுக்க. "கூப்பிட்டா போகாம இருக்க முடியுமாடி?" என்று நான்தான் உன்னை இழுத்துக்கொண்டு போவேன். திரும்பி வந்ததும் நீ வெறுந்தரையில் அப்படியே படுத்துவிடுவாய்.

பேரனுக்குக் காதுகுத்து வந்தது. அதற்கு முந்தின நாள் நாம் இருவரும் அவர்கள் அடுப்படியில் முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தோம். விடுதி பூட்டிக் கிடந்தது. வலி எடுத்த மனைவியைக் கூட்டிவந்த ஒரு மீனவர், பூட்டைப் பார்த்துவிட்டு நம்மைத் தேடித் தெருத்தெருவாக அலைந்திருக்கிறார். நாம் ஓடிப்போனபோது அவள் வாசல் மணலிலேயே பெற்றிருந்தாள். பிள்ளை அழுதது. அவளுக்கு உதிரம் நிற்கவில்லை. பொழுது சாயும்வரை அவள் அடிவயிற்றை அமுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாய். உன் முழங்கையில் முறுக்கு மாவு காய்ந்து கிடந்தது. அவள் பிழைத்ததே பெரிது.

மறுநாள் காலையில் முதலாளி வீட்டிலிருந்து மறுபடி ஆள் வந்தது. பதில் சொல்லி அனுப்பாமல் நீயே நேரில் போனாய். நான் பின்னால் வந்தேன்.

"அம்மா, பிரசவம்னா எந்நேரமும் கூப்பிடுங்க, ஓடி வாரோம். அடுப்படி வேலைக்கு இனி வரமாட்டோம்."

முதலாளியம்மா நிமிர்ந்து பார்த்தார். "கட்டடம் யாரு கொடுத்ததுன்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கும்மா. கட்டடத்தைத்தானே கொடுத்தீக. எங்களை இல்லையே."

தெருவுக்கு வந்ததும் உன்னைத் திட்டினேன். "இனி இங்கன எப்படிடி இருக்கறது?"

"சண்டை போடவாடி போனேன்? எனக்கு ஏலல. ஒரு ஆளுக்கு ஒரு வேலை போதும்" என்றாய்.

கொஞ்ச நாளில் உன்னைத் தனுஷ்கோடிக்கு மாற்றினார்கள். முதலாளி வீட்டில் கட்டடத்தையும் திருப்பிக் கேட்டுவிட்டார்கள். விடுதி ஓர் ஓலைக் கொட்டகைக்குப் போனது. அங்கே நான் தனியாக இருந்தபோது அந்த வீட்டு வேலைக்காரப் பெண் வந்தாள்.

"அக்கா, அம்மா வரச் சொன்னாக. வெத்தலை மடிக்க ஆளில்லையாம்."

"யாருக்காச்சும் வலியா?"

"இல்லையே."

"அப்ப வரலைன்னு சொல்லு."

அவள் தெருமுனை திரும்பும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்று மத்தியானம், அந்த ஊருக்கு வந்தபின் முதல் தடவையாக, நிம்மதியாகத் தூங்கினேன்.

பின்னொரு நாள் அவர்கள் மருமகளுக்கு வலி வந்து மாட்டுவண்டி அனுப்பினார்கள். வண்டி நிற்குமுன்பே ஏறிவிட்டேன். முதலாளியம்மா என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வெந்நீர் மட்டும் கேட்கக் கேட்க வந்தது.

நீ லீவில் வந்து கொட்டகையைப் பார்த்தாய். நல்ல மழை. நான் பாத்திரம் வைத்து ஒழுகலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். "ஒழுகட்டும்டி. சாவி நம்மகிட்டதானே இருக்கு" என்று சிரித்தாய். அந்த வருடமே மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது.

இப்போது ராமநாதபுரத்தில் வேலை பார்க்கிறேன். புதிதாக வந்த அதிகாரி, லீவு நாளில் வீட்டுக்கு வந்து தன் தாயாரைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். "மன்னிக்கணும் சார், அதுக்கு வர முடியாது" என்றேன். இத்தனை வருடமாகச் சொல்லியும் எனக்கு இன்னும் குரல் நடுங்குகிறது. உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அன்று முதலாளியம்மா முன்னால் நின்றபோது உனக்கும் நடுங்கியதா? நான் உன் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தேன். உன் முகத்தைப் பார்க்கவில்லை. கேட்கவும் இல்லை.