கொதிக்கும் லொறிக்கு ஒரு வாளித் தண்ணீர்

மச்சான், இன்று காலை தலவாக்கலையிலிருந்து ஏற்றம் ஏறி வந்த ஒரு தோட்டத்து லொறி, மூச்சு வாங்கியபடி என் கடை வாசலில் நின்றது. ரேடியேட்டர் மூடியைத் திறந்ததும் புஸ்ஸென்று ஆவி. துருவும் சுடுதண்ணீரும் கலந்த அந்த வாசனை வந்ததும், தைத்துக்கொண்டிருந்த காற்சட்டையைப் போட்டுவிட்டு நீதான் லொறியோடு வந்துவிட்டாய் என்று உன்னைப் பார்க்க எழுந்துவிட்டேன். நீ கண்ணை மூடி ஒரு வருடம் ஆகிறது என்பது வாசலுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

தையல் மிஷின் வாங்கித் தோட்டத்து வேலையை விட்ட நாட்களில், நான் பெரிய வியாபாரி என்று எனக்கு நினைப்பு. தேர்த் திருவிழாவன்று மலை உச்சிக் கோயிலில் திரண்ட கூட்டத்தைப் பார்த்து அங்கேயே கடை போட்டேன். மறுநாள் கடைக்கு வந்தவை இரண்டு ஆடுகள். “மூணு மாசம் பாருங்க. ஆளு வரலேன்னா மறுபடியும் விடியக்காலையில தோட்டத்துப் பெரட்டுல நின்னு வேலைக்குப் பேரு குடுங்க” என்று என்னைக் கட்டிக்கொண்ட உன் தங்கச்சி கெடு வைத்துவிட்டாள்.

நீ வியர்க்க வியர்க்க ஏறி வந்து திட்டினாய்.

“ஏன்டா மச்சான், சாமிக்கா சட்டை தைக்கிறே? வெள்ளைக்காரன் தேயிலை அரைக்கிற ஸ்டோரை எங்க கட்டியிருக்கான் பாரு. சக்கரம் சுத்தத் தண்ணி வேணும்னு ஆத்தோரப் பள்ளத்துல. ரோட்டும் ஆத்தை ஒட்டித்தான் போகுது. கொழும்பு என்ன மலை உச்சியிலயா இருக்கு? ஆறு கடல்ல விழுற எடத்துல!”

“வெள்ளம் வந்தா?” என்றேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவனின் அறிவு அவ்வளவுதான்.

“வந்தா மிஷினைத் தலையில தூக்கு. ஆளு வராட்டி எதைத் தூக்குவே?”

மறுநாளே என்னையும் மிஷினையும் தேயிலைப் பெட்டிகளுக்கு நடுவே ஏற்றிப் பாலத்தடியில் இறக்கினாய். நீங்கள் லொறிக்காரர்கள் இறங்கித் தண்ணீர் மொள்ளும் நாலு கற்படிகளைத் தவிர அங்கே ஒன்றும் கிடையாது. இஞ்சின் சூடு தணியும்வரை சும்மா நிற்கிறவர்களுக்குத் தங்கள் சட்டை கிழிந்திருப்பது கண்ணில் படும் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. கெடு முடிவதற்குள் எனக்கு மூச்சுவிட நேரமில்லை. பக்கத்தில் தேத்தண்ணிக் கடை வந்தது, சலூன் வந்தது, பஸ்ஸும் நிற்கத் தொடங்கியது. இன்று இது ஒரு சின்ன பஜார்.

நேற்று மகள் பூமிசாத்திரப் பாடத்தைச் சத்தமாகப் படித்தாள். தொழில் நகரங்கள் ஆற்றங்கரையில் வளர்வது ஏன் என்று.

“இதெல்லாம் ஒங்களுக்குத் தெரியுமாப்பா?”

“தெரியாமலா? நான்தானே கண்டுபிடிச்சேன்!”

“யாரு, ஆட்டுக்குச் சட்டை தைக்கப் போனவரா?” என்று உள்ளேயிருந்து உன் தங்கச்சி குரல் கொடுத்தாள்.

கடை திறந்ததும் என் முதல் வேலை, அந்தக் கற்படியில் இறங்கி ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து வாசலில் வைப்பதுதான், மச்சான். இன்றைய லொறிக்காரப் பையன் அதை ஊற்றிவிட்டு உடனே கிளம்பப் பார்த்தான். “சூடு தணியட்டும் தம்பி, உக்காருங்க” என்றேன், மற்ற லொறிக்காரர்களிடம் நீ சொல்வதைப் போலவே. அவன் சட்டையில் இரண்டு பொத்தான் இல்லை.