ரோட்டில் கால் படாத வழி

1979 பெப்ரவரி 11, ஞாயிறு

இந்தக் கொப்பியில் நடந்ததை நடந்தபடி எழுதப்போகிறேன். எனக்குப் பிடிக்காததையும் எழுதுவேன். கூட்டிச் சொல்வது என் பழக்கம் என்று ஜெமீலா சொல்வாள். இங்கே கூட்ட மாட்டேன். குறைக்கவும் மாட்டேன்.

ஜெமீலா அடுத்த வளவு, வேலிக்கு அந்தப் பக்கத்து வீடு. நானும் அவளும் கல்முனையில் ஒரே வகுப்பில் ஒரே வாங்கில் இருந்து படித்தோம். இந்த டிசம்பரில் எங்களுக்கு ஓ.எல். சோதனை. கணக்கில் அவளை வெல்ல வகுப்பில் ஆளில்லை. எனக்குக் கணக்கு வராது, கதைப்புத்தகம்தான் வரும். ஆனால் பள்ளிக்கூடம் போவது நான், வீட்டில் இருப்பது அவள். என்னை வாப்பா சைக்கிளில் ஏற்றிக் கொண்டுபோய் விட்டுவிட்டுக் கடை திறப்பார். அவளுடைய வாப்பா முகம்மது தம்பி மாமா வேளாண்மைக்காரர். கிழமை முழுக்க வயல்வட்டையில், காவல் வாடிக் குடிசையில். வெள்ளிக்கிழமைதான் வீட்டுக்கு வருவார். அவள் பெரிய பிள்ளையானதோடு 'கூட்டிப்போக ஆளில்லை' என்று நிறுத்திவிட்டார்கள்.

சூறாவளி அடித்து மூன்று மாதம் ஆகப்போகிறது. கரண்ட் இன்னும் வரவில்லை. இதைக் குப்பி விளக்கில் எழுதுகிறேன்.

பெப்ரவரி 16, வெள்ளி

ஜும்ஆவுக்குப் பிறகு முகம்மது தம்பி மாமா வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த நேரம் பார்த்துப் போய்க் கேட்டேன்.

"மாமா, ஜெமீலாவ எப்ப பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவீங்க?"

"கடைத்தெருவால, சைக்கிள்காரனெல்லாம் பாக்க, என்ட குமரு நடந்து போறதா? ரோட்டுல கால் படாம ஒரு வழி இரிந்தாச் சொல்லு மகள். அடுத்த நாளே அனுப்புறன்." பிறகு என்னோடு வந்திருந்த என் உம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "செட்டை முளைச்சுப் பறந்தாத்தான் சரி."

எல்லோரும் சிரித்தார்கள். ஜெமீலாவின் உம்மா பாத்தும்மா மாமியும் சிரித்தா. உள்ளே கதவுக்குப் பின்னால் நின்ற ஜெமீலா சிரிக்கவில்லை.

"சொன்ன சொல்லு மாறமாட்டீங்களே?"

"எனக்கு நாக்கு ஒண்டுதான் புள்ள."

பெப்ரவரி 17, சனி

வழி இருக்கிறது.

உம்மா ரோட்டில் இறங்கி நான் எத்தனை தரம் கண்டிருக்கிறேன்? பிள்ளை பிறந்த வீடு, மௌத்தான வீடு, கல்யாண வீடு – எல்லா இடத்துக்கும் போகிறா. எப்படி? பின் வேலியில் ஆள் நுழைய விட்டிருக்கும் இடைவெளியால், கடப்பால். ஒரு வளவின் கடப்பைத் தாண்டி அடுத்த வளவு, அங்கிருந்து அடுத்தது. எங்கள் ஊர்ப் பெண்களுக்குத் தனி ரோடே இருக்கிறது, யாரும் அதை ரோடு என்று சொல்லாததால் எனக்கும் தெரியவில்லை. எங்கள் வளவுகளின் வரிசை நேரே பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் போய் முடிகிறது. எல்லா வேலியிலும் கடப்பு இருந்தால் போதும். முன்பு சிலவற்றில்தான் இருந்தது.

இப்போது ஒரு வேலியும் இல்லை. காற்று எல்லாவற்றையும் கொண்டுபோய்விட்டது. கிடைத்த தென்னோலைக் கிடுகை முதலில் கூரைக்குப் போட்டோம். மறைப்புக்குப் பழைய சேலைகளைக் கட்டினோம். வேலிகளின் முறை இப்போதுதான். ஊருக்கு வேலி அடைக்கிற முத்தலிப் காக்கா பள்ளிக்கூடப் பக்கத்திலிருந்து கட்டிக்கொண்டு வருகிறார். கடப்பு விடாமல் கட்டிவிட்டால் அவ்வளவுதான். புது வேலியை வெட்ட யார் விடுவார்கள்?

பெப்ரவரி 20, செவ்வாய்

முத்தலிப் காக்கா சொன்னார்: "எனக்கென்ன புள்ள, வளவுக்காரி சொன்னா விடுவன். சொல்லாட்டி அடைப்பன்."

பள்ளிக்கூடத்தோடு ஒட்டிய வளவு வல்லியம்மை அக்காவுடையது. புருஷன் கடலுக்குப் போகிறவர். ஒரு மணித்தியாலம் யோசித்து வைத்திருந்த வசனங்களை ஒப்புவித்தேன். அவ வலையிலிருந்து தலையை எடுக்காமல் கேட்டா.

"என்ட வளவால போறதுக்கு என்னத்துக்கு இவ்வளவு கதை? என்னைக் கேட்டா ஓம். வீரனைக் கேட்டியா?"

வீரன் நாய். எனக்கு இது தோன்றவே இல்லை. அதன் ஈர மூக்கு எங்கள்மேல் பட்டால் மார்க்கப்படி மண்ணும் தண்ணீருமாக ஏழு முறை கழுவவேண்டும். தினமும் கழுவிவிட்டு எந்தப் பாடத்துக்குப் போவது? நான் இழுத்து இழுத்துச் சொல்ல, அவ பாதியிலேயே நிறுத்திவிட்டா.

"தெரியும் புள்ள. எத்தனை வருஷம் உங்களுக்குப் பக்கத்துல கிடக்கிறம்? காலையிலயும் பள்ளிக்கூடம் விடுற நேரமும் கட்டிப்போடுறன். மணிச் சத்தம் எனக்குக் கேக்கும்தானே."

ஒரு வேலி முடிந்தது.

பெப்ரவரி 26, திங்கள்

தினமும் பின்னேரம் ஒரு வீடு, இரண்டு வீடு. வசனங்களை விட்டுவிட்டேன். ஒரு வீட்டில் மகளுக்குக் காய்ச்சல். தண்ணீர் அள்ளிக் கொடுத்தேன். ஒரு வீட்டில் கைக்குழந்தை இறங்காமல் அழுதது. தூக்கி வைத்திருந்தேன், என் சட்டையை நனைத்தது. மற்ற வீடுகளில் கிடுகு பின்னுகிறார்கள். நானும் இருந்து பின்னினேன். நான் பின்னியதைப் பார்த்து ஒரு மாமி, "இது வேலிக்கா, கோழி நுழையவா?" என்று கேட்டா. இன்று நான் பின்னியதில் கோழி நுழையாது.

மறுப்பும் இருக்கிறது. ஆடு வந்து மரவள்ளியைத் தின்னும் என்றா ஒரு மாமி. கடப்புக்குக் கீழே முழங்கால் உயரத்துக்குப் பலகை வைப்பதென்று முடிவானது. பிள்ளை தாண்டும், ஆடு தாண்டாது. இன்னொரு மாமி கிணற்றடியில் குளிக்கிற நேரம் வரக்கூடாதென்றா. கடப்புக்கு வருமுன் "வாறம்" என்று குரல் கொடுப்போம் என்றேன்.

ஊரில் எனக்குப் பேர் வைத்துவிட்டார்கள். "இந்தா, கடப்பு மந்திரி வாறா."

ஒரு கேள்வி மனதில் கிடக்கிறது. எனக்கு ஒன்று தேவைப்படுவதால்தானே தண்ணீர் அள்ளினேன்? அது நல்ல மனமா, தந்திரமா? ஜெமீலாவிடம் கேட்டேன். "நாளைக்கும் அள்ளுவியா?" என்றாள். காய்ச்சல் இன்னும் விடவில்லையே, அள்ளத்தான் வேண்டும் என்றேன். "அப்ப என்னத்துக்குக் கணக்குப் பாக்கிறாய்? அது என்ட வேலை."

மார்ச் 3, சனி

எல்லோரும் ஓம் என்றுவிட்டார்கள் என்று வாப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். வாப்பா நிமிர்ந்து கேட்டார்.

"எல்லாருமா? நம்மட வேலி?"

நான் எப்படிப்பட்ட மடைச்சி! ஊரெல்லாம் போய்க் கேட்டேன். எங்கள் வளவுக்கும் லைலா சாச்சியின் வளவுக்கும் நடுவில் உள்ள வேலியை மறந்தேன். லைலா சாச்சி உம்மாவின் சொந்தத் தங்கச்சி. இரண்டு பேருக்கும் ஒரே வளவைப் பிரித்துச் சீதனமாக எழுதினார்கள். வேலி ஒரு முழம் இங்கால் வந்தது, அங்கால் போனது என்று ஐந்து வருஷமாகக் கதை பேச்சு இல்லை. அங்கே கடப்பு ஒருநாளும் இருந்ததில்லை.

உம்மாவிடம் கேட்டேன்.

"ஊர் வேலிய எல்லாம் உன்ட பாட்டுக்கு வெட்டு. என்ட வேலியில கைவெச்சா உன்ட புத்தகமெல்லாம் அடுப்புக்குள்ள."

மார்ச் 6, செவ்வாய்

உண்மையை எழுதுவேன் என்று முதல் நாளே ஏன்தான் எழுதினேனோ?

இன்று முத்தலிப் காக்கா எங்கள் பக்கம் கட்டை நட்டார். உம்மா நின்று இடம் காட்டினா. பழைய வேலியில் நின்ற கிளுவை மரம் காற்றில் சரிந்துவிட்டது, ஆனால் அடிக்கட்டை மண்ணுக்குள் இருக்கிறது. புதுக் கட்டைகள் அதற்கு அங்கால், லைலா சாச்சியின் பக்கம் நிற்கின்றன. ஒரு முழம் இருக்கும். உம்மா அடிக்கட்டைமேல் ஓலைக் குப்பையைக் கூட்டி விட்டா.

நான் கண்டேன். நான் கண்டதை உம்மாவும் கண்டா.

மார்ச் 7, புதன்

சொன்னேன். யாரும் இல்லாத நேரம், குசினியில், மெதுவாகத்தான் சொன்னேன்.

"உம்மா, கிளுவைக் கட்டை நம்மட பக்கமல்லா கிடக்கு."

"உன்ன படிக்க வெச்சது என்ட வேலிய அளக்கவா?"

"கடப்பு விடாட்டியும் பரவாயில்ல உம்மா. நான் அதுக்குச் சொல்லல்ல. அது சாச்சிட மண்."

உம்மா அகப்பையைக் கீழே வைத்தா. அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

மார்ச் 8, வியாழன்

உம்மா கதைக்கவில்லை. சோறு மட்டும் வைத்தா.

மார்ச் 9, வெள்ளி

இன்றும் இல்லை. வாப்பா, "ஊர் வேலியெல்லாம் திறந்தாச்சு, உன்ட உம்மாட வாயத்தான் திறக்க ஏலா" என்றார். அதற்கும் உம்மா சிரிக்கவில்லை.

பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சொன்னதற்கு வருத்தமில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

மார்ச் 10, சனி

காலையில் பின்பக்கம் சத்தம். ஓடிப் பார்த்தேன். முத்தலிப் காக்கா அலவாங்கால் கட்டைகளைக் கிளப்பிக்கொண்டிருந்தார். உம்மா பக்கத்தில் நின்றா.

"செவ்வாய்க்கிழமைதானே ராத்தா இவடத்த நடச் சொன்னீங்க?"

"அண்டைக்கு வெயில் கண்ணுக்குள்ள அடிச்சிட்டு. கிளுவைக்கு நேரா நடு."

லைலா சாச்சி தன் பின்கதவில் வந்து நின்றா. உம்மாவைப் பார்க்கவில்லை, முத்தலிப் காக்காவைப் பார்த்துக் கதைத்தா.

"முத்தலிபு, ராத்தாட்டச் சொல்லு, கடப்ப கிணத்தடியில விடவேணாம். புள்ளையள் சேத்துல வழுக்கும். மாமரத்தடியில விடச் சொல்லு."

"எனக்கும் அதுதான் நினைப்பெண்டு அவட்டச் சொல்லு" என்றா உம்மா.

"நான் என்ன தபால்காரனா? ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு முழம் தூரம்."

முத்தலிப் காக்காவுக்குக் கோபம்போல் இருந்தது. அலவாங்கை மண்ணில் குத்திவிட்டுச் சுருட்டுப் பற்றவைக்கப் போய்விட்டார். இரண்டு பேரும் நின்றார்கள். சாச்சிதான் முதலில் கேட்டா.

"தேத்தண்ணி குடிக்கிறயா ராத்தா?"

உம்மா கட்டைகளுக்கு நடுவால் போனா. பகல் பாங்கு சொல்லும்வரை திரும்பி வரவில்லை. சோறு நான்தான் ஆக்கினேன். குழைந்துவிட்டது.

மார்ச் 16, வெள்ளி

முகம்மது தம்பி மாமாவைக் கூட்டிக்கொண்டு கடைசி வளவுவரை நடந்தேன். ஒவ்வொரு கடப்பிலும் பலகையைக் காலால் தட்டிப் பார்த்தார். வல்லியம்மை அக்காவின் வளவில் கட்டியிருந்த வீரனைப் பார்த்ததும் நின்றார்.

"இதையும் பேசித்தான் வெச்சிரிக்கியா?"

"ஓம் மாமா."

"என்ட நாக்கு ஒண்டெண்டு சொல்லிட்டன்" என்று தனக்குத்தானே சொன்னார். பிறகு சிரித்தார். இந்த முறை என்னைப் பார்த்து அல்ல, என்னோடு.

மார்ச் 19, திங்கள்

ஜெமீலா பள்ளிக்கூடம் வந்தாள். சைக்கிள் வேண்டாம் என்று வாப்பாவிடம் சொல்லிவிட்டு நானும் அவளோடு போனேன். "வாறம்" என்று ஒவ்வொரு கடப்பிலும் குரல் கொடுத்துக் குரல் கொடுத்து, வகுப்புக்குள் நுழையும்போதும் ஜெமீலா "வாறம்" என்றுவிட்டாள். வகுப்பே சிரித்தது.

ஜூலை 8, ஞாயிறு

கரண்ட் வந்துவிட்டது. நீண்ட நாள் எழுதவில்லை. ஜெமீலா கணக்குச் செய்ய வைக்கிறாள்.

இதை எழுதவேண்டும்: நாங்கள் இரண்டு பேராகப் போகத் தொடங்கினோம். வழியில் பார்த்துக்கொண்டு நின்ற பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். முதலில் லைலா சாச்சியின் மகள் ஸுலைஹா. பிறகு காய்ச்சல் வந்த பிள்ளை. சாச்சி சொன்னா: "கண்ணுக்கு முன்னால போறாளுகள், இவள மட்டும் எப்படிப் பிடிச்சு வைக்கிற?" நான் யாரையும் கூப்பிடவில்லை. நாங்கள் போனோம், அவ்வளவுதான். இப்போது கடப்பில் வரிசையில் நின்றுதான் தாண்டவேண்டும்.

டிசம்பர் 10, திங்கள்

நேற்று முழுக்க மாரி மழை. விடியப் பார்த்தால் பின் வளவெல்லாம் தண்ணீர், கடப்புப் பலகைகள்கூடத் தெரியவில்லை. இன்று கணக்குச் சோதனை.

ஜெமீலா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்து நின்றாள். வயலுக்குப் போக ஏலாமல் முகம்மது தம்பி மாமாவும் வீட்டில் இருந்தார். அவரும் தண்ணீரைப் பார்த்தார். பாத்தும்மா மாமி துஆ ஓதிக்கொண்டிருந்தா. நான் வாய் திறக்கப் போனேன். ஜெமீலா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வாப்பா, நான் ரோட்டால போறன்."

அவள் கேட்கவில்லை. சொன்னாள். மாமா வெற்றிலையை மெல்லாமல் வாயில் வைத்திருந்தார்.

"குடைய எடு" என்றார்.

வாசலுக்கு வந்தால் ஸுலைஹாவும் மற்றவர்களும் ஏற்கெனவே ரோட்டோரம் நிற்கிறார்கள். அவர்களுக்குச் சோதனைகூட இல்லை. எங்களைக் கொண்டுபோய் விட வந்திருக்கிறார்கள். கடைத்தெருவால் நடந்தோம். என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. ஒரு சைக்கிள்காரர் எங்கள்மேல் சேறு தெறிக்காமல் இறங்கி உருட்டிக்கொண்டு போனார். மாமா பின்னால் வந்தாரா என்று நாங்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

கணக்கு எனக்குப் பரவாயில்லை. ஜெமீலா நேரத்துக்கு முன்பே முடித்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

1980 பெப்ரவரி 17, ஞாயிறு

சோதனை மறுமொழி இன்னும் வரவில்லை. ஜெமீலா பின்னேரங்களில் எங்கள் மாமரத்தடிக் கடப்பில் இருந்து சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். பாதிப் பேர் சாச்சியின் பக்கம், பாதிப் பேர் எங்கள் பக்கம்.

மழை முடிந்ததால் இன்று வேலிக்குப் புதுக் கிடுகு மாற்றினார்கள். நான் ஜன்னலடியில் வாசித்துக்கொண்டிருந்தேன். முத்தலிப் காக்காவின் குரல் கேட்டது.

"ராத்தா, சோதினையும் முடிஞ்சி. இப்ப இவளுகள் ரோட்டாலயும் போறாளுகள். இந்தக் கடப்ப அடைச்சிருவமா?"

"விசரா உனக்கு? ரோட்டால போற புள்ள ரோட்டால போகட்டும். வாப்பா விடாத புள்ளைக்கி இது கிடக்கட்டும்."

"எவ்வளவு அகலம் விடுற?"

"ரெண்டு புள்ள ஒண்டாப் போற அளவுக்கு."

உம்மா நான் கேட்டதை அறியமாட்டா. இதைக் கூட்டி எழுதவில்லை. மேலும் எழுதலாம், ஆனால் "எழுதினது போதும், கரண்டுக்கு யார் காசு கட்டுற" என்று உம்மா வந்து லைட்டை அணைத்துவி—